ஊசி போடும் கைகளுக்கு ஒவ்வாமைப் பயிற்சி

2023 ஜூலையில் பேராதனை போதனா வைத்தியசாலையில் செப்ட்ரியாக்சோன் ஊசி ஏற்றப்பட்ட 21 வயது யுவதி உயிரிழந்தார். நாடே மருந்தின் தரத்தைக் கேள்வி கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் தரமான மருந்தும் ஒருவருக்கு ஒவ்வாமல் போகலாம். அப்படி ஒவ்வாமல் போகும் முதல் நிமிடங்களுக்கான பயிற்சியையும் நாம் உரத்துக் கேட்க வேண்டும்.

ஆலையடிவேம்பிலிருந்து கல்முனை வரையான கரையோரத்தில் நோயாளி முதலில் காண்பது விசேட நிபுணரை அல்ல. வெளிநோயாளர் பிரிவின் வைத்தியரை, தாதியை, மருந்துக்கடைக்காரரை. பயிற்சி அவர்களிடமே போய்ச் சேர வேண்டும்.

மருந்து ஏற்றியதும் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, இரத்த அழுத்தம் சரிந்தால் முதல் மருந்து அட்ரினலின்: வளர்ந்தவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில். பிரிட்டோனும் ஸ்டீரொய்டும் அதற்கு ஈடாகா. மயங்கியவரைத் திடீரென எழுப்பி உட்கார வைப்பதும் ஆபத்து. கைப்பழக்கமாகும்வரை ஒத்திகை பார்த்தால்தான் இது பதற்றத்தில் நினைவுக்கு வரும்.

மறுபக்கமும் உண்டு: ஒவ்வாமை என எழுதப்படுவதெல்லாம் ஒவ்வாமை அல்ல. பென்சிலின் ஒவ்வாது எனப் பதியப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அது ஒத்துக்கொள்கிறது. ஐஸ் போதாமல் கெட்ட சூரை மீனில் ஹிஸ்டமின் பெருகும். அதைத் தின்றவருக்கு முகம் சிவந்து தடித்தால், அது மீன் அலர்ஜியே அல்ல. இந்த வேறுபாட்டை அறியாமல் எழுதும் ஒரு வரி, நோயாளியை ஆயுள் முழுக்கத் தொடர்கிறது.

கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை, தனியார் மருந்தகங்களையும் சேர்த்து ஆண்டுதோறும் இந்தப் பயிற்சியை நடத்த வேண்டும். கிளினிக் கொப்பியில் ‘அலர்ஜி’ என்று மட்டும் எழுதாமல், மருந்தின் பெயர், திகதி, எத்தனை நிமிடத்தில் என்ன நேர்ந்தது என்பதையும் எழுதக் கற்பிக்க வேண்டும்.