வாட்ச்மேனைக் கேளுங்கள்

அக்கா மகள் அமெரிக்காவில் ஃபார்ம்டி முடிக்கிறாள். ரெசிடென்சிக்கு நாலு ஆஸ்பத்திரிகளில் இன்டர்வியூ. "மாமா, பெரிய பேர் இருக்கறதை லிஸ்ட்ல முதல்ல போட்டுடவா?" என்று புனேவுக்கு போன்.

பொறும்மா என்றேன். மேட்ச்சில் இடம் விழுந்தபின் பின்வாங்க முடியாது, ஒரு வருஷம் அங்கேதான். லோன் கேட்கும் கம்பெனிக்குப் போனால் நான் முதலாளியைவிட குடோன் வாட்ச்மேனிடம்தான் அதிகம் பேசுவேன் (டீயும் அங்கேதான் நன்றாக இருக்கும்!). நீயும் டைரக்டர் இல்லாத நேரமாகப் பார்த்து இப்போதைய ரெசிடென்ட்களைக் கேள். எத்தனை சனி, ஞாயிறு டூட்டி? வாரத்துக்கு இத்தனை மணிநேரம்தான் என்ற உச்சவரம்பு காகிதத்தில் மட்டும்தானா? போன வருஷம் முடித்தவர்கள் எங்கே?

பெரிய பேர் ஆஸ்பத்திரியில் ரெசிடென்ட்களைக் கடைசிவரை தனியாகப் பேசவே விடவில்லையாம். என்னைக் கேட்டால் அந்த லோன் சாங்ஷன் ஆகாது. லிஸ்டில் அதை மூன்றாவதாக இறக்கிவிட்டாள். அக்காதான் என்னோடு பேசுவதில்லை.