புயல் இரவுக்கு எந்த டார்ச் விளக்கு?

நம் அங்கத்தினர்களிற் பலர் வெளிச்சம் ஒன்றையே பார்த்து டார்ச் விளக்கு வாங்குகின்றனர். அது சரியன்று என்பது நமது கருத்து. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தபின், பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் ஏற்றி எரிக்கும் விளக்குகள், எத்துணைப் பிரகாசமுடையனவாயினும், ஒருமுறை தீர்ந்தபின் மூலையில் கிடந்தன. கைப்பேசியின் கதியும் அதுவே. ஆகவே, சுவர்க் கடிகாரத்திற்கு இடும் அதே சிறு பாட்டரியில் எரியும் எல்.இ.டி. விளக்கையே வாங்குக என்போம். அந்தப் பாட்டரி பெட்டிக்கடையிலும் அகப்படும்.

குழித்தறியில் நீர் புகும் நள்ளிரவில் பாவினை அவிழ்த்து மேலேற்றச் சிறு வெளிச்சம் போதும். ஆனால் அது விடியுமட்டும் நீடிக்க வேண்டும். நூல் கிடக்கும் வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றுவதை எண்ணவும் அஞ்சுகிறோம். விவசாயிகளுக்கோ, வரப்பில் அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொலைவிலேயே காட்டும் ஒளியும் வேண்டும். ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் இயலும் விளக்கே அவர்களுக்கு ஏற்றது.

பாட்டரியை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டுவைத்தால், அது கசிந்து சுருள்கம்பியை அரித்துவிடும். தணிக்கைக்குச் சென்ற இடங்களில் இதனைப் பன்முறை கண்டிருக்கிறோம். இருப்புப் பதிவேட்டில் மட்டும் விளக்கு நல்ல நிலையில் இருக்கும்! பாட்டரியைத் தனியே காகிதத்திற் சுற்றி, விளக்கோடு ஒரே பையிலிட்டு, இருட்டிலும் கை எட்டும்படி கதவருகே ஆணியில் மாட்டி வைப்பது நன்று.