ஆலயத்தின் சாளரங்களை ஏன் அடைக்கிறோம்?

பங்குதோறும் ஒரு புதிய மோகம் பரவி வருகிறது. தலைமுறைகள் மன்றாடிய ஆலயத்தைப் பழையது என்று தீர்ப்பிட்டு இடிக்கிறோம். அவ்விடத்தில் கான்கிரீட் கூரையும் கண்ணாடிச் சுவருமாக ஒன்றை எழுப்புகிறோம். சித்திரை வெயிலில் அது சூளையாய்க் கொதிக்கிறது. உடனே சாளரங்களை அடைத்துக் குளிரூட்டிகளைப் பொருத்தி, நன்கொடையாளர் பெயரைக் கல்லில் பொறிக்கிறோம். இதற்கு நாம் சூட்டியுள்ள பெயர் வளர்ச்சி! நாமே வரவழைத்த வெப்பத்தை நாமே விலைகொடுத்து விரட்டும் பேதைமைக்கு வேறு பெயர் தேடவேண்டும்.

நம் முன்னோர் அறியாதவர்களா? அவர்கள் எழுப்பிய தடித்த சுவர் பகல் வெப்பத்தைத் தன்னுள் வாங்கி, மெல்லவே உள்ளே விட்டது. மேலே உயர்ந்த ஓட்டுக்கூரை இருந்தது. அல்லது தேக்கு உத்திரங்களின்மேல் செங்கலைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து இட்ட ஒட்டுத்தளம் இருந்தது. சூடான காற்று மேலெழுந்து உயரச் சாளரங்கள் வழியே வெளியேற, பக்கக் கதவுகள் வழியே புதுக்காற்று நுழைந்தது. தாழ்வாரம் சுவரில் வெயில் படாமல் காத்தது.

இது பழங்கதை என்போர் திருவனந்தபுரத்திலுள்ள லொயோலா சிற்றாலயத்தைப் பார்க்கட்டும். 1970களின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இயேசு சபையினருக்காக அமைத்தது அது. செங்கற்களுக்கிடையே துளைகள் விட்டுக் கட்டிய சுவர்கள் வழியே ஒளியும் காற்றும் உள்ளே வருகின்றன. அவர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' முறையில் சுவரின் நடுவே வெற்றிடம் விடப்படுகிறது. செங்கலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சம். வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கிறது.

கணக்கையும் பார்ப்போம். ஒன்றரை டன் குளிரூட்டி ஒன்று முழுவீச்சில் இயங்க ஏறத்தாழ 1,500 வாட் வேண்டும். அதே மின்சாரத்தில் 75 வாட் மின்விசிறிகள் 20 சுழலும். இன்று கிடைக்கும் 30 வாட் மின்விசிறிகளானால் 50 சுழலும். இந்தக் கட்டணம் யாருடைய காணிக்கை? கூலிவேலை செய்யும் தாய் உண்டியலில் இட்ட காசும் அதில் உண்டு. நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் நிலக்கரியை எரித்தே கிடைக்கிறது. அந்தச் சாம்பல் படிவது நம் பீடத்தின்மீது அன்று. எண்ணூர்க் கழிமுகத்தில், ஏழை மீனவரின் வலைமீது.

"முதியோரும் நோயுற்றோரும் வெப்பத்தில் வாடலாமா?" என்று கேட்பர். வாடலாகாது. அதனால்தான் கூரைக்கு வெள்ளை பூசுங்கள், மேற்குச் சுவருக்கு மரநிழல் தாருங்கள், கோடையில் திருப்பலி நேரத்தை மாற்றுங்கள் என்கிறோம். "கூரையில் சூரியத் தகடு வைத்துவிட்டோமே!" என்பர் வேறு சிலர். நல்லது. வத்திக்கானும் 2008-இல் ஆறாம் பவுல் அரங்கின் கூரையில் ஏறத்தாழ 2,400 தகடுகளைப் பதித்தது. ஆனால் ஓட்டைக் குடத்தில் எந்தக் கிணற்று நீரை ஊற்றினாலும் அது ஒழுகத்தான் செய்யும். முதலில் தேவையைக் குறைப்போம். பிறகு தகடு வைப்போம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வழங்கிய 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடல், தீய நுகர்வுப் பழக்கத்துக்கு எடுத்துக்காட்டாகச் சுட்டுவதே பெருகிவரும் குளிரூட்டிப் பயன்பாட்டைத்தான். அம்மடலுக்குக் கருத்தரங்கு நடத்துகிறோம், குளிரூட்டிய மண்டபத்தில்!

ஆகவே, பங்குப் பேரவை உறுப்பினர்களே, அடுத்த வரைபடம் உங்கள் மேசைக்கு வரும்போது கோபுரத்தின் உயரத்தை மட்டும் கேட்காதீர்கள். காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது, மாத மின்கட்டணம் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை கையொப்பம் இடாதீர்கள். படைத்தவர் காற்றை விலையின்றித் தந்திருக்கிறார். அவர் இல்லத்திலேயே அதற்குக் கதவடைக்க நமக்கு உரிமை இல்லை.