வங்காளதேசத்தின் பொருள்நிலையும் வருங்காலமும்

ஒரு தேசத்தின் செல்வநிலையை மதிப்பிடப் புகுவோர், அதன் ஏற்றுமதிக் கணக்கையும் தலைக்கு வரும் வருமானத்தையும் மாத்திரம் நோக்கி அமைதல் போதாது. அச்செல்வம் எத்தனை தூண்களின்மீது நிற்கின்றது என்பதும், கற்ற இளைஞர்க்கு அது வேலை அளிக்கின்றதா என்பதும் ஆராயத்தக்கன. இதற்கு வங்காளதேசம் தக்கதோர் உதாரணமாகும்.

1971-இல் சுதந்தரம் பெற்றபொழுது அந்நாடு புயலாலும் போராலும் நலிந்து கிடந்தது. 1974-இல் கொடிய பஞ்சமும் அதனை வாட்டிற்று. அது பிழைக்குமோவென ஐயுற்றோர் பலர். ஆயினும், அன்று தொட்டு ஜனத்தொகை இரண்டு மடங்குக்கு மேற் பெருகியிருக்க, நெல் விளைவோ மூன்று மடங்கையும் கடந்தது. ஐம்பதாண்டுக்குங் குறைந்திருந்த சராசரி ஆயுள் எழுபதுக்கு மேல் உயர்ந்தது. இவற்றைச் சிறுமையெனக் கருதுவார் யாவர்?

இவ்விருத்திக்குப் பெருந்துணையாய் நின்றது ஆடைத் தொழில். 'தேஷ்' என்னும் ஆடைத் தொழிற்சாலையார் 1979-இல் சுமார் 130 பேரைத் தென்கொரியாவுக்கு அனுப்பித் தொழில் பயிற்றுவித்தனர். அவருட் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் விலகிப் பிற ஆலைகள் தோன்றத் துணைபுரிந்தனர். இன்று ஏற்றுமதியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ஆடைகளே. அத்தொழிலால் ஜீவிக்கும் சுமார் 40 லட்சம் பேரிற் பெரும்பாலோர் பெண்மக்கள். பயிற்சியினும் சிறந்த மூலதனம் இல்லையென்பது இதனாற் பெறப்படும்.

நிற்க, ஒரே தூணைப் பற்றி நிற்கும் மாளிகைக்கு அபாயமும் உண்டு. மலிவு ஒன்றையே பெருமையாகக் கொண்ட வியாபாரத்தில் உழைப்பாளியின் உயிரும் மலிவாகிவிடுகின்றது. 2013 ஏப்ரல் 24-இல் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டது இதற்குச் சான்று. மேலும், மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலினின்று வங்காளதேசம் 2026-இல் நீங்குவதென்று ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2021-இல் தீர்மானித்தது. நீங்குவது கௌரவமே, ஆயினும் அப்பட்டியலால் வந்த சுங்கச் சலுகைகளும் காலப்போக்கில் அதனுடன் நீங்கும்.

இதனினும் கவலைக்குரியது கற்றோர் நிலை. 2024-இல் மாணவர் எழுப்பிய கிளர்ச்சி, அரசாங்க உத்தியோக ஒதுக்கீட்டைப் பற்றியே தொடங்கிற்று. அதன் முடிவில், ஆகஸ்டு 5-ஆம் நாள் பிரதம மந்திரி நாட்டை விட்டகன்றார். தையற்பொறிகள் பெருகிய நாட்டில் பட்டதாரிக்குரிய வேலை பெருகாமையே அக்கொந்தளிப்பின் காரணங்களுள் ஒன்றென்பது எம் துணிபு.

ஆடைத் தொழிலைக் கைவிடுக என்பதன்று எம் கருத்து. அதனருகே வேறு தூண்களும் எழவேண்டும் என்பதே. 1982-இல் வகுத்த மருந்துக் கொள்கைக்குப் பின் வளர்ந்த மருந்துத் தொழில், நாட்டின் தேவையிற் பெரும்பகுதியை உள்நாட்டிலேயே நிறைவேற்றுகின்றது. ஆதலின் அது இயலாததொன்றன்று. ஆனால், நாட்டு வருமானத்திற் பத்தில் ஒரு பங்குங்கூட வரியாகத் திரட்டாத அரசாங்கம், நல்ல பள்ளிகளையும் தொழிற்கல்வியையும் எங்ஙனம் பரப்பும்? வரிமுறையைச் செம்மை செய்து, அப்பொருளை இளைஞரின் பயிற்சிக்குச் செலவிடுமாயின், அந்நாட்டின் வருங்காலம் ஒளியுடையதாகும். பஞ்சத்தை வென்ற ஜனங்களுக்கு இது அரிய காரியமன்று.