ஏசுவதற்கு முன் ஓர் அழைப்பு

சில மாதங்களுக்கு முன், எழுபது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்தார். பல ஆண்டுகளாகக் கட்டுக்குள் இருந்த இரத்த அழுத்தம் மிகவும் உயர்ந்திருந்தது. மாத்திரைகளை ஒழுங்காக உட்கொள்வதாகவே முதலில் கூறினார். செவிலியர் தனியே அமர்ந்து பேசிய பிறகுதான், இரண்டு மாதங்களாக அவர் மருந்தே வாங்கவில்லை என்பது தெரிந்தது. காணொலி அழைப்பில் காவல்துறைச் சீருடையுடன் தோன்றிய ஒருவனிடம் சேமிப்பு முழுவதையும் இழந்திருந்தார். நகைகளை அடகு வைத்தும் அனுப்பியிருந்தார். ஓய்வூதியத்தின் பெரும்பகுதி வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது. இவற்றையெல்லாம்விட அவரை வாட்டியது வேறொன்று. "என் மகனுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பான்?" (அவருடைய இசைவுடனேயே இதை எழுதுகிறோம்.)

'டிஜிட்டல் கைது' என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, உங்கள் ஆதார் எண் குற்றத்தில் பயன்பட்டுள்ளது என்று தொடங்குவார்கள். கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டில் எவரிடமும் சொல்லக் கூடாது என்பார்கள். பணத்தைச் 'சரிபார்ப்புக்காக' ஒரு கணக்குக்கு மாற்றச் சொல்வார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் காணொலி வழியாகக் கைது செய்யும் முறை இல்லவே இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே தம் வானொலி உரையில் இதைத் தெளிவுபடுத்தினார். ஆயினும், அரசு முத்திரையைக் கண்டால் எழுந்து நின்று பழகிய தலைமுறைக்கு, சீருடையைப் பார்த்தபின் அழைப்பைத் துண்டிக்கக் கை வருவதில்லை. அதை அறியாமை என்று சொல்ல எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

எங்கள் வருத்தம் குடும்பத்தினர் மீதும் உண்டு. "இத்தனை படித்தும் இப்படி ஏமாந்தீர்களே" என்ற ஒரு சொல் போதும். அடுத்த முறை பெரியவர் வாய் திறக்கமாட்டார். யாரிடமும் சொல்லாதே என்று மோசடிக்காரன் இட்ட கட்டளையை, அவன் போன பிறகும் நாமே காத்து நிற்கிறோம். இதில் இழப்பது காலத்தை. 1930 என்ற எண்ணை உடனே அழைத்தால், பணம் சென்று சேர்ந்த வங்கிகளுக்குத் தகவல் போய், எஞ்சியுள்ள தொகையை முடக்க இயலும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டிருக்கும் என்பதால் முதல் சில மணி நேரம் மிக முக்கியம். ஆகவே, முதலில் அந்த அழைப்பு. வங்கிக்கும் ஓர் அழைப்பு. கேள்விகளைப் பிறகு கேட்கலாம்.

கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதும் தீர்வன்று. மருத்துவரின் நேரம் குறிப்பதும் அயலூர்ப் பேரனின் முகம் காண்பதும் அதில்தான். யூபிஐ இணைந்த கணக்கில் மாதச் செலவுக்கான தொகையை மட்டும் வைத்து, சேமிப்பை வேறு கணக்கில் வைக்கலாம். பணம் பற்றி எவர் அழைத்தாலும், "என் மகளிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று வைத்துவிடும் வழக்கத்தை வீட்டிலேயே பேசி உறுதி செய்துகொள்ளலாம். ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்று அளிக்கும் பருவத்தில் ஓடிபி கேட்டு அழைப்புகள் வரும். தொலைபேசியில் ஓடிபி கேட்பவர் எந்த அலுவலகத்தின் பெயரைச் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

எங்கள் துறைக்கு நெருக்கமான மோசடி ஒன்றும் உண்டு. சர்க்கரை நோயை அடியோடு ஒழிப்பதாக விற்கப்படும் பொடிகளை நம்பி இன்சுலினை நிறுத்திவிட்டு வருவோரைக் காண்கிறோம். அத்தகைய விளம்பரங்களை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. பொடி வாங்கியதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். என்ன உட்கொண்டீர்கள் என்பது தெரிந்தால்தான் எங்களால் மருத்துவம் பார்க்க முடியும்.

அந்த ஆசிரியை, மகனிடம் நாங்கள் பேச ஒப்புக்கொள்வதற்கு மூன்று சந்திப்புகள் ஆயின. மகன் வந்தார், நெடுநேரம் ஒன்றும் பேசாமல் தாயின் அருகே அமர்ந்திருந்தார். இருவரும் சேர்ந்து புகார் பதிந்திருக்கிறார்கள். பணம் இதுவரை திரும்பவில்லை. மாத்திரையை அம்மா மீண்டும் தொடங்கிவிட்டார்.