பக்கத்து வீட்டுக்காரரின் இயங்குதளம்

ஓஎஸ் போட இருநூறு ரூபாய். 2012இல் பொறியியல் முடித்துவிட்டு, வேலைக்கான அழைப்புக் கடிதம் இந்தா வருது, அந்தா வருது என்று அருப்புக்கோட்டையில் உட்கார்ந்திருந்த எட்டு மாதமும் என் கைச்செலவுக்கு அதுதான் வழி. நண்பனின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் எனக்கென்று ஒரு ஸ்டூல் இருந்தது. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். கூடவே அப்பாவோ மாமாவோ வருவார். திறந்தால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள். ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ் லினக்ஸ். "அந்த இன்னொண்ணத் தூக்கிட்டு முழுசா விண்டோஸ் போட்டுக் குடுங்க தம்பி" என்பார்கள். நான் தூக்குவேன். கிராக் செய்த விண்டோஸ், கிராக் செய்த ஆபீஸ், கிராக் செய்த ஃபோட்டோஷாப், ரெண்டு கேம். முக்கால் மணி நேர வேலை.

ஒருநாள் ஒரு பெண் தனியாக வந்தாள். மற்றவர்கள் கேட்காத ஒன்றைக் கேட்டாள். "அண்ணே, அந்த இன்னொண்ணுல என்ன இருக்கு?"

"அதுல ஒண்ணும் இல்லம்மா. வேஸ்ட்டு."

அதுவரை நான் அதை ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. நாலு வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன் நான். லினக்ஸ் பற்றிப் பதினாறு மார்க் கேள்விக்குப் பதில் எழுதியவன். அவள் தலையாட்டினாள். நான் ஃபார்மட் அடித்தேன்.

எந்த இயங்குதளம் சிறந்தது என்ற சண்டையை இன்றைக்கும் அலுவலகத் தேநீர் இடைவேளையில் கேட்கிறேன், நானும் போடுகிறேன். விண்டோஸ்காரர், மேக்காரர், லினக்ஸ்காரர் என்று மூன்று கட்சி. அந்தச் சண்டையில் பேசப்படுகிற எதுவும் அந்தக் கடையில் நடந்ததை விளக்காது. அவளுடைய இயங்குதளத்தை முடிவு செய்தது கெர்னல் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் நின்ற நான்தான். ஒருவருக்கு எந்த இயங்குதளம் நல்லது என்பது, அதில் மாட்டிக்கொண்டால் கேட்பதற்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப் போகிறேன். மூன்று கட்சிக்கும் இது பிடிக்காது.

*

முதலில் தொழில்நுட்பம். அதில் எனக்கு அலட்சியம் இல்லை, சோறு போடுவதே அதுதான்.

1992இல் ஆண்ட்ரூ தனென்பாம் என்ற பேராசிரியர், லினக்ஸ் பிறந்த சில மாதங்களிலேயே, அது காலாவதியான வடிவமைப்பு என்று எழுதினார். எல்லாவற்றையும் ஒரே பெரிய கெர்னலுக்குள் அடைப்பது பழைய பாணி, சிறு கெர்னலே எதிர்காலம் என்பது அவர் வாதம். லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது மாணவர். சூடாகப் பதில் எழுதினார். பாடப்புத்தகப்படி பார்த்தால் பேராசிரியர் பக்கம் நியாயம் இருந்தது. நடந்தது என்ன? 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் லினக்ஸில் ஓடுகின்றன. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல். அதே 2017இல்தான், தனென்பாம் எழுதிய மினிக்ஸ், இன்டெல் சிப்புகளுக்குள் இருக்கும் மேலாண்மைப் பகுதியில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பது வெளியே தெரிந்தது. அவருக்கே அது முன்கூட்டித் தெரியாது. வடிவமைப்பில் யார் சரி என்பது ஒரு கேள்வி, யார் எங்கே போய்ச் சேருகிறார்கள் என்பது வேறு கேள்வி.

குறைநிறைகளை நேர்மையாகவே வைக்கிறேன். விண்டோஸை மட்டமான சரக்கு என்பவர்களுக்கு அதன் உள்கட்டமைப்பு தெரியாது. 1993இல் வந்த என்டி கெர்னல், விஎம்எஸ் இயங்குதளத்தைக் கட்டிய டேவ் கட்லர் தலைமையில் உருவானது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய பில்லிங் மென்பொருள் இன்றும் பெரும்பாலும் அதில் திறக்கிறது. பலசரக்குக் கடைக்காரருக்கு இதைவிடப் பெரிய அம்சம் வேண்டியதில்லை. மேக், ஆப்பிள் வாங்கிய நெக்ஸ்ட் நிறுவனத்தின் யூனிக்ஸ் அடித்தளத்தில் நிற்பது. அழகு, ஒழுங்கு, நல்ல தமிழ் எழுத்துரு எல்லாம் உண்டு. ஆனால் அதன் நுழைவுச் சீட்டின் விலையில் எங்கள் ஊரில் ஒரு பழைய பைக் வாங்கலாம். லினக்ஸ் இலவசம், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம். ஆனால் மேசைக் கணினி லினக்ஸுக்கு ஒரு மென்பொருளைக் கட்டித் தருவது எவ்வளவு பெரிய தொல்லை என்று 2014இல் டெபியன் மாநாட்டு மேடையிலேயே புலம்பியவர் யார் தெரியுமா? டோர்வால்ட்ஸ்தான். ஒவ்வொரு லினக்ஸ் வகைக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டியிருக்கிறது என்பது அவர் குறை. அவரே சொன்ன பிறகு நாம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

ஆக மூன்றிலும் நிறை உண்டு, மூன்றிலும் ஓட்டை உண்டு. பிறகு ஏன் ஊரெல்லாம் விண்டோஸ்?

*

"விண்டோஸ் ஈஸி பாஸ்." இந்த வாக்கியத்தை நான் நம்புவதில்லை. ஈஸி என்பது மென்பொருளின் குணம் இல்லை, சூழலின் குணம். சைக்கிளில் மிதிக்கப் பழகியது ஈஸியாக இருந்ததா? பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார் இல்லையா, அதுதான் ஈஸி. விண்டோஸுக்கு அப்படி ஓடி வர ஊருக்கு நூறு பேர் இருந்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நான் அதில் ஒருவன்.

அந்த நூறு பேரை உருவாக்கியது எது? திருட்டு சிடி. இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 1998இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பில் கேட்ஸே சொன்னார். சீனாவில் மென்பொருளைத் திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதைத் திருடட்டும், பழகிவிடுவார்கள், வசூலிப்பது எப்படி என்று பிறகு பார்த்துக்கொள்வோம் என்ற பொருளில். அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் ஏதோ கம்பெனிக்காரனை ஏமாற்றிச் சம்பாதித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் சம்பளம் இல்லாத விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்த்திருக்கிறேன்.

மாற்றுக்கு வாய்ப்பே இல்லாமல் போகவில்லை. என் தலைமுறையில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் படித்தவர்களுக்கு ஸ்டார் ஆபீஸ் ஞாபகம் இருக்கும். மைக்ரோசாஃப்ட் வேர்டு இல்லை, ஸ்டார் ஆபீஸ் ரைட்டர். நல்ல முடிவு. ஆனால் எங்கள் பள்ளி ஆய்வகக் கணினிகளில் ஸ்டார் ஆபீஸ் இல்லை. எந்த மெனுவில் எந்தக் கட்டளை என்று உருப்போட்டு, திறந்தே பார்க்காத மென்பொருளுக்கு முழு மார்க் வாங்கினேன். நீச்சல் குளம் இல்லாத ஊரில் நீச்சல் தேர்வு.

2007 வாக்கில் அரசு நிறுவனமான எல்காட் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. பிறகு மடிக்கணினித் திட்டத்தில் சிடாக் உருவாக்கிய பாஸ் வந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டது, தமிழ் தெரிந்தது. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய அந்தத் திட்டத்தை இலவசம் என்று கேலி பேசியவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. எத்தனையோ வீடுகளின் முதல் கணினி அது. ஆனால் அதில் பாதி இடத்தில் ஒரு இயங்குதளத்தை வைத்துவிட்டு, அது என்ன என்று சொல்ல ஆள் வைக்கவில்லை. ஆள் இல்லாத இடத்தில் நான் நின்றேன்.

*

இதற்குப் பதிலாக வேறு என்ன செய்திருக்க முடியும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை. செங்கோட்டையைத் தாண்டினால் போதும்.

கேரளத்தில் 2001இல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டுதான் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. கேரளப் பள்ளிகளும் ஆரம்பத்தில் விண்டோஸில்தான் நின்றன. ஆசிரியர் அமைப்புகளும் மென்பொருள் ஆர்வலர்களும் அதை எதிர்த்தார்கள். படிப்படியாக மொத்தப் பள்ளிக் கல்வியும் குனு லினக்ஸுக்கு மாறியது. அவர்கள் செய்ததில் முக்கியமானது, லினக்ஸைத் தேர்ந்தெடுத்தது இல்லை. ஆசிரியர்களுக்கு ஆசிரியர்களை வைத்தே பயிற்சி கொடுத்தார்கள். பாடப்புத்தகத்தில் இருப்பதும் ஆய்வகத்தில் இருப்பதும் ஒன்றாக இருந்தது. பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வை அதிலேயே நடத்தினார்கள். 2018இல் லிட்டில் கைட்ஸ் என்று பள்ளிதோறும் மாணவர் குழுக்களும் வந்தன. பக்கத்து வீட்டுக்காரரை ஒரு மாநிலம் உட்கார்ந்து தயாரித்தது என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

கெர்னல் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். நம் பிள்ளைகளுக்கு மூளை குறைவா? இல்லையே.

"ஆபீஸ்ல எல்லாம் விண்டோஸ்தானே, பிள்ளைக்கு எதுக்கு இந்த விளையாட்டு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கறுப்புத் திரையைக் கொடுத்து, சர்வரில் லாக் ஃபைலைப் பார் என்றார்கள். அது லினக்ஸ். எனக்குக் கை ஓடவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் கோழிக்கோட்டுக்காரர், பள்ளியிலேயே இதெல்லாம் தொட்டவர், சாவகாசமாகத் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் கழிப்பறைக்குள் போனைத் திறந்து கட்டளைகளை மனப்பாடம் செய்தேன். வேஸ்ட்டு என்று நான் தூக்கிப் போட்டது எனக்கே சோறாக வந்து நின்றது. அந்தப் பெண்ணின் கணினியிலும் அந்தக் கறுப்புத் திரை இருந்தது. அவள் பொறியியல் படித்தாளா, எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது. பதினேழு வயதிலேயே அவள் அதைத் தட்டிப் பார்த்திருக்கலாம் என்பது மட்டும் தெரியும்.

*

இப்போது என் சொந்தக் கட்சிக்கு வருகிறேன். லினக்ஸ்காரர்களே, உங்கள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம்.

புதிதாக ஒருவன் வந்து "வைஃபை வரலை" என்றால், "முதல்ல எந்த டிஸ்ட்ரோன்னு சொல்லு", "மேனுவல் படி", "அந்த கார்டை ஏன் வாங்கின?" மூன்று பதிலிலும் வைஃபை வரவில்லை. விண்டோஸ் கடைக்காரனான நான் இருநூறு ரூபாய் வாங்கினேன், திருட்டுச் சரக்கு போட்டேன், பொய் சொன்னேன். ஆனால் ஒருவரையும் அவமானப்படுத்தி அனுப்பியதில்லை. ஆடியோ வரவில்லை என்று இரண்டாம் முறை வந்தால் காசு வாங்காமல் டிரைவர் போட்டுக் கொடுத்தேன். மக்கள் கொள்கையைப் பார்த்து என்னிடம் வரவில்லை. மறுபடி வரலாம் என்ற தைரியத்தில் வந்தார்கள்.

2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 சிப் வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு மேல் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள் இதனால் அதிகாரபூர்வமாகக் கிழடு ஆகிவிட்டன. லினக்ஸ்காரர்கள் "நம்ம காலம் வந்துடுச்சு" என்று கொண்டாடினார்கள். நானும் உற்சாகத்தில் மாமாவின் கடைக் கணினிக்கு லினக்ஸ் மின்ட் போட்டேன். ஜெராக்ஸ், டைப்பிங், மனு எழுதுவது என்று ஓடும் சின்னக் கடை.

முதல் நாளே போன். "மாப்ள, தமிழ் வரலப்பா." அவர் பழகியது விண்டோஸில் மட்டும் ஓடும் தட்டச்சு மென்பொருள். ஐபஸ், எம்17என் எல்லாம் நிறுவி, பழைய தட்டச்சு இயந்திர விசைப்பலகையைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் நாள் பிரிண்டர். கடைத்தெரு முழுக்க இருக்கும் பழைய லேசர் பிரிண்டர்தான். அதற்கு டிரைவர் போட எனக்கே ஒரு முழு ராத்திரி ஆனது. மூன்றாம் வாரம், பழைய மனுக்களைத் திறந்தால் பத்தி கலைந்து வந்தது. "நல்லாத்தான இருந்துச்சு, ஏன் மாப்ள நோண்டுன?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் சுதந்திரம், தனியுரிமை, மூலநிரல் என்று நிறையப் பதில்கள் இருந்தன. எதையும் சொல்லவில்லை. வாசலில் வாடிக்கையாளர் நின்றுகொண்டிருந்தார்.

மாமா இன்னும் மின்ட்டில்தான் இருக்கிறார். லினக்ஸ் சிறந்தது என்பதால் அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போனை எடுக்கிறேன் என்பதால். ஒரு மாமாவுக்கு என்னால் முடிகிறது. ஊருக்கு முடியாது. ஊருக்கு முடிகிற இடம் பள்ளிக்கூடம்தான்.

அதனால் அடுத்த முறை பிள்ளைகளுக்குக் கணினி கொடுக்கும்போது அதில் எந்த இயங்குதளம் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பள்ளியில் எந்த ஆசிரியருக்கு அது தெரியும், எத்தனை நாள் பயிற்சி கொடுத்தீர்கள், தேர்வு எதில் நடக்கும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த இடத்தில் எட்டு மாதம் வேலை இல்லாத ஒருவன் ஸ்டூலைப் போட்டு உட்காருவான். அவனும் என்னைப் போலத் திறந்தே பார்க்காமல் பதில் சொல்வான்.