ஆன்லைன் ரம்மி: புதிதாக வந்தவன் ஏன் தோற்றான்?

தென்காசி மாவட்டம் சிவகிரி, மலையடிவாரத்து ஊர். சுற்றிலும் நெல், கரும்பு, எலுமிச்சை. உழைத்துப் பிழைக்கும் ஜனங்கள்.

பொங்கல் லீவு வந்தால் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் திண்ணைக்குச் சீட்டுக்கட்டு வந்துவிடும். நாலு பேர் ஆடுவார்கள். எட்டுப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். பணம் வைத்து ஆடினால் போலீசார் வருவார்கள். இது எல்லோருக்கும் தெரியும்.

பிறகு சீட்டுக்கட்டு செல்போனுக்குள் புகுந்தது. போலீஸ் பயம் போயிற்று. வேடிக்கை பார்ப்பவர்களும் போய்விட்டார்கள். "போதும், எழுந்திருடா!" என்று கையைப் பிடித்து இழுக்க ஆள் இல்லை.

2022 நவம்பரில், இதே மாவட்டத்தில் சங்கரன்கோவில் பக்கம் வேலைக்கு வந்திருந்த வெளிமாநிலப் பெண் ஒருவர், ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டார் என்ற செய்தி வந்தது. தமிழ்நாட்டில் அதுபோன்ற சாவுகள் பல.

பணம் போனவர்கள், "அதிர்ஷ்டம் இல்லை" என்றார்கள். உண்மைக் காரணம் அதிர்ஷ்டம் அல்ல.

திறமை ஆட்டம்!

செகந்திராபாத் கிளப் ஒன்றின் ரம்மி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1967-ம் ஆண்டு தீர்ப்பளித்தது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தெரிய வேண்டும். ஆகவே ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று கோர்ட்டு கூறியது.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் இடத்துக்காரர் லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்பதே அது. விளம்பரங்களில் முதல் பாதிதான் வந்தது!

சரி, திறமை ஆட்டம் என்றே வைத்துக்கொள்வோம். திறமை உள்ளவன் ஜெயிப்பான். அப்படியானால் நேற்று வந்தவன்? தோற்பான்! "திறமை ஆட்டம்" என்ற சொல்லுக்கு அதுதானே அர்த்தம்?

20 ரூபாயா, 80 ரூபாயா?

ரம்மியில் கைக்கு 13 சீட்டு. ஜோக்கர் சேராத ஒரு வரிசையாவது அமைய வேண்டும். அது அமையாமல் தோற்றால் கையில் உள்ள அத்தனை சீட்டும் கணக்கில் ஏறும். 80 புள்ளி வரை போகும்.

மோசமான சீட்டு வந்தால் ஆடாமலே விலகலாம். அதற்கு 20 புள்ளி. பாதியில் விலகினால் 40. புள்ளிக்கு 1 ரூபாய் என்றால், விலகுபவனுக்கு 20 ரூபாய் நஷ்டம். கடைசி வரை இருந்து தோற்பவனுக்கு 80 ரூபாய் வரை நஷ்டம்.

பழகியவன் சீட்டைப் பார்த்ததும் விலகிவிடுவான். புதியவனுக்கு மனம் வராது. "அடுத்த சீட்டு வரும்" என்று காத்திருப்பான். இந்த ஒரு இடத்திலேயே அவன் பணம் கரைந்துவிடும்.

இலவச ஆட்டத்தில் பழகிவிட்டு வரலாமே? வரலாம். ஆனால் இலவச ஆட்டத்தில் யாரும் விலகுவதில்லை. காசு போகாதபோது யார் விலகுவார்கள்? அங்கே படித்த பாடம் பண மேஜையில் உதவாது.

சேர்ந்தவுடன் "போனஸ்" கொடுத்தார்கள். அதைக் கையில் எடுக்க முடியாது. சொந்தப் பணத்தை வைத்து ஆட ஆட, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவிழும். செக்குமாடு சுற்றுவதுபோல் சுற்ற வேண்டும்.

கமிஷன் கணக்கு

சமமான திறமை உள்ள இருவர் ஆளுக்கு 500 ரூபாயுடன் உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆட்டத்தில் 40 ரூபாய் கை மாறுகிறது. அதில் நடத்துபவரின் கமிஷன் நூற்றுக்கு 10 என்றால் 4 ரூபாய். 100 ஆட்டம் ஆடினால் 400 ரூபாய்!

இருவரும் சமமாகவே ஜெயித்தாலும், 1,000 ரூபாய் 600 ஆகிவிடும். திண்ணையில் 100 ஆட்டம் ஆட நாள்கணக்கில் ஆகும். செல்போனில் சீட்டுக் கலைக்கும் நேரம்கூட இல்லை.

இதற்கு மேல் வரி. 2023 அக்டோபர் முதல் கட்டிய பணத்துக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது. ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வருமான வரி தனி.

சட்டம் வந்த கதை

தமிழ்நாடு சர்க்கார் 2021-ல் கொண்டுவந்த தடையை, அந்த ஆண்டு ஆகஸ்டில் சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்தது. புதிய மசோதாவைக் கவர்னர் திருப்பி அனுப்பினார். சட்டசபை மீண்டும் நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் சட்டமாயிற்று. நவம்பரில் ஐகோர்ட்டு, சட்டம் செல்லும், ஆனால் ரம்மியை அதிர்ஷ்ட ஆட்டம் என்று சேர்த்தது செல்லாது என்றது. மறுபடியும் அதே திறமை வாதம்தான்!

2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் அந்த வாதத்தையே ஒதுக்கிவிட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் பணம் வைத்து ஆடும் ஆட்டம் கூடாது என்று சட்டம் நிறைவேறியது. 22-ந்தேதி ஜனாதிபதி ஒப்புதல் தந்தார். நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். இந்தச் சட்டத்தில் ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. பெரிய கம்பெனிகள் உடனே பண ஆட்டத்தை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்து வழக்குகளும் போடப்பட்டன.

இனி ஆபத்து வேறு வழியில் வரலாம். முன்பின் தெரியாதவர் அனுப்பும் லிங்கில், வெளிநாட்டிலிருந்து நடத்தும் ஆட்டம் இருக்கும். எதிரே ஆடுவது மனிதனா, இயந்திரமா என்று கண்டுபிடிக்க முடியாது. ஜெயித்த பணம் வராவிட்டால் கேட்கவும் ஆபீஸ் கிடையாது.

பணம் பறிகொடுத்தவர்கள் சைபர் கிரைம் போலீசாரின் 1930 எண்ணுக்கு உடனே போன் செய்யலாம். கடனால் மனம் உடைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் 14416 எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். தமிழிலேயே பேசலாம்.